கொரிய மொழி கற்றல் வளங்கள்

கொரிய மொழி கற்றல் வளங்கள் என்பவை, கொரியத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் அம்மொழியைக் கற்கப் பயன்படுத்தும் பாடநூல்கள், இணையவழிப் பாடங்கள், அகராதிகள், ஒலிப்பதிவுகள், பழைய தேர்வுத்தாள்கள், வகுப்புகள் ஆகியவற்றைக் குறிக்கும். தென்கொரியத் தொலைக்காட்சித் தொடர்களும் இசையும் உலகெங்கும் பரவியதை அடுத்து இவற்றின் எண்ணிக்கை பெருகிவிட்டது. முன்பு ஒரு நல்ல பாடநூல் கிடைப்பதே அரிது. இன்று கைக்கு எட்டும் நூற்றுக்கணக்கானவற்றுள் எதை எடுப்பது, எதை விடுவது என்பதே கற்போரின் முதல் சிக்கல்.

இவ்வளங்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுவோரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவர்களுக்குக் கடினமாக இருப்பவை நீளமாக விளக்கப்பட்டிருக்கும். அவர்களுக்கு எளிதானவை ஓரிரு வரிகளில் முடிந்திருக்கும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இந்தக் கணக்கு பல இடங்களில் தலைகீழாக மாறுகிறது. அமெரிக்க அரசின் வெளியுறவுப் பணிப் பயிற்சி நிறுவனம் கொரியத்தை மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் வைத்து, 2,200 வகுப்பு மணிநேரம் தேவை என்று கணித்திருப்பது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அது ஆங்கிலம் பேசுவோருக்கான கணக்கு. தமிழரின் கடினங்கள் வேறு இடத்தில் உள்ளன.

எதற்காகக் கற்பது என்னும் கேள்வி

வளங்களைத் தேடுமுன் நோக்கத்தை முடிவு செய்துகொள்வது நல்லது. இதில் தவறினால் பணமும் மாதக்கணக்கான உழைப்பும் வீணாகும். குறிப்பாக, ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு தேர்வுகள் உள்ளன.

முதலாவது டோபிக் எனப்படும் கொரிய மொழித் திறன் தேர்வு. 1997 முதல் நடத்தப்பட்டுவரும் இத்தேர்வு ஆறு நிலைகளைக் கொண்டது. முதல் தாளில் கேட்டல், படித்தல் என இரு பகுதிகள். மொத்தம் 200 மதிப்பெண். இதில் 80 பெற்றால் முதல் நிலையும் 140 பெற்றால் இரண்டாம் நிலையும் கிடைக்கும். இரண்டாம் தாளில் எழுதுதலும் சேர்ந்து 300 மதிப்பெண். இதில் 120 பெற்றவருக்கு மூன்றாம் நிலை, 150க்கு நான்காம் நிலை, 190க்கு ஐந்தாம் நிலை, 230க்கு ஆறாம் நிலை. சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். கொரியப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்புவோருக்கும், கொரிய அரசின் கல்வி உதவித்தொகை பெறுவோருக்கும் தேவைப்படுவது இத்தேர்வு.

இரண்டாவது இ.பி.எஸ். டோபிக். இது 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின்கீழ், கொரியாவின் தொழிற்சாலைகளிலும் பண்ணைகளிலும் மீன்பிடித் தொழிலிலும் பணிபுரியச் செல்வோருக்கானது. கொரிய அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளின் குடிமக்கள் மட்டுமே இதை எழுத முடியும். அந்நாடுகளில் இலங்கை உண்டு, இந்தியா இல்லை. இலங்கையில் இதற்கான ஏற்பாடுகளை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கவனிக்கிறது. இத்தேர்வில் கட்டுரை எழுதும் பகுதி கிடையாது. கேட்டலும் படித்தலும் மட்டுமே. ஆனால் கருவிகளின் பெயர்கள், பாதுகாப்பு எச்சரிக்கைப் பலகைகள், சம்பளச் சீட்டு, விடுப்பு, காயம்பட்டால் சொல்லவேண்டியவை எனச் சொற்களஞ்சியம் முற்றிலும் வேறானது. தேர்வில் தேறினாலும் பெயர் வேலை தேடுவோர் பட்டியலில்தான் ஏறும். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு முதலாளி தேர்ந்தெடுத்தால்தான் பயணம்.

ஆகவே வவுனியாவிலிருந்து கொரியத் தொழிற்சாலை வேலைக்குச் செல்ல விரும்பும் ஓர் இளைஞர், பல்கலைக்கழக மாணவருக்கான பாடநூலை வைத்துக்கொண்டு உணவகத்தில் காபி கேட்பது எப்படி என்று படித்தால் தேர்வுக்கு உதவாது. அவருக்கு உரியது, தேர்வை நடத்தும் கொரிய மனிதவள மேம்பாட்டு நிறுவனம் வெளியிடும் பாடநூல். அது இணையத்தில் ஒலிப்பதிவுடன் இலவசமாகவே கிடைக்கிறது. அதே நூலின் நகலை விலைக்கு விற்பவரிடம் வாங்கவேண்டிய தேவை இல்லை. மறுபக்கம், இந்தியாவில் இ.பி.எஸ். வழியாக வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பயிற்சிக் கட்டணம் கேட்கும் எவரிடமும் விலகி நிற்பதே சரி.

தமிழ்நாட்டில் கொரியத்தின் தேவை வேறு வகையில் எழுந்தது. ஹூண்டாய் நிறுவனம் 1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கிய பின், அதன் உதிரிபாக நிறுவனங்களும் பிற கொரியத் தொழிற்சாலைகளும் வந்தன. மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேலை உண்டாயிற்று. இவ்வேலைக்குச் சான்றிதழைவிடப் பேச்சே முக்கியம். சென்னையில் 2006 முதல் இயங்கும் இன்கோ மையம் கொரிய மொழி வகுப்புகளை நடத்திவருகிறது. இந்திய அரசின் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் மேல்நிலைப் பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுள் கொரியத்தைக் குறிப்பிடுகிறது.

எழுத்து

கொரிய எழுத்துமுறையான ஹங்குல், அரசர் சேஜோங் காலத்தில் 1443இல் உருவாக்கப்பட்டு 1446இல் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது 28 எழுத்துகள். இன்று அடிப்படை எழுத்துகள் 24. இவற்றுள் மெய் 14, உயிர் 10. கூட்டெழுத்துகளையும் சேர்த்தால் 40. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு சதுரக் கட்டத்துக்குள் ஓர் அசையாக அமையும். உயிர்மெய் என்ற கருத்தோடு வளர்ந்தவருக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். தடையின்றிப் படிக்க இரண்டு வாரம் ஆகலாம்.

இதிலிருந்து வளங்களுக்கான முதல் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு நூல் மூன்றாம் நான்காம் பாடத்துக்குப் பிறகும் கொரியச் சொற்களை ஆங்கில எழுத்திலோ தமிழ் எழுத்திலோ தந்துகொண்டிருந்தால் அதை மூடிவைத்துவிடலாம். கண் பழகிய எழுத்தையே தேடும். ஹங்குல் ஓரத்தில் அலங்காரமாக நின்றுவிடும். மேலும், ஆங்கில எழுத்தில் எழுதும் முறையே 2000ஆம் ஆண்டில் மாற்றப்பட்டது. பழைய நூலில் ஓர் எழுத்தில் தொடங்கும் பூசான் நகரின் பெயர் புதிய நூலில் வேறோர் எழுத்தில் தொடங்கும். இரண்டையும் கலந்து படிப்பவர் குழம்புவார்.

தமிழ் எழுத்தில் தரும் கையேடுகளின் குறை இன்னும் பெரியது. கொரியத்தில் தகரத்தை ஒத்த ஒலிகள் மூன்று: இயல்பானது, இறுக்கமானது, மூச்சுடன் வருவது. நிலவு, மகள், முகமூடி ஆகிய மூன்றுக்குமான கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் ‘தல்’ என்றே வரும். இக்கட்டுரையில் தமிழ் எழுத்தில் தரப்படும் கொரியச் சொற்களும் தோராயமானவையே.

ஒலிப்பு

ஒலிப்பில் தமிழ் சில இடங்களில் கைகொடுக்கிறது. ‘கல்’ என்பதில் வரும் ககரமும் ‘அங்கே’ என்பதில் வரும் ககரமும் ஒரே எழுத்து, ஆனால் ஒலி வேறு. கொரியத்தின் இயல்பான க, த, ப, ஜ ஆகியவையும் சொல்லின் முதலில் ஒருவிதமாகவும், நடுவில் உரத்தும் ஒலிக்கின்றன. ஆங்கில நூல்கள் இரண்டு பக்கம் செலவழித்து விளக்கும் இந்தச் செய்தி தமிழருக்குப் பழக்கமானது. ஆங்கிலேயர் தடுமாறும் ஓர் உயிரொலி, ‘பாக்கு’ என்னும் சொல்லின் இறுதியில் உதடு குவியாமல் நாம் ஒலிக்கும் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கியது. எழுத்தில் ‘ஹப்-னி-டா’ என்றிருப்பது பேச்சில் ‘ஹம்னிடா’ ஆகும். நெல்+மணி நென்மணி ஆவதைப் பள்ளியில் படித்தவருக்கு இதில் வியப்பு இருக்காது.

தமிழர் சிரமப்படுவது மேற்சொன்ன மூவகை ஒலி வேறுபாட்டிலும், இரண்டு வகை ஒகரங்களைப் பிரித்தறிவதிலும்தான். இன்றைய சியோல் நகர இளைஞர்களின் பேச்சில் இயல்பான ஒலிக்கும் மூச்சொலிக்கும் உள்ள வேறுபாடு பெரிதும் சுருதியின் ஏற்ற இறக்கத்தால் அறியப்படுகிறது. எந்த எழுத்து விளக்கமும் இதைக் காதுக்குக் கொண்டுவராது. எனவே ஒலிப்பதிவு இல்லாத பாடநூல், எவ்வளவு புகழ்பெற்றதானாலும், தொடக்கநிலையில் அரைப் பயனே தரும். இணையத்தில் சுற்றும் நகல் கோப்புகளில் பெரும்பாலும் ஒலி இருக்காது. பல பதிப்பகங்கள் தம் நூல்களுக்கான ஒலிக்கோப்புகளைத் தங்கள் தளத்திலேயே கட்டணமின்றித் தருகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும்.

இலக்கணம்: ஆங்கிலச் சுற்றுவழி

‘நான் நாளை நண்பனோடு நூலகத்துக்குப் போகிறேன்’ என்பது கொரியத்தில் ‘நா-நுன் நெயில் சிங்கு-ஹகோ தொசொக்வன்-எ கயோ’. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுகிறது. வினை இறுதியில் நிற்கிறது. ஆங்கில நூலில் இவ்வரிசையைப் பழக்கவே பல பாடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். தமிழர் கொரிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பின் அதைப் புரிந்துகொள்வது வீட்டு வாசலில் இருந்துகொண்டு ஊரைச் சுற்றி வருவது போன்றது.

துணைவினைகளில் ஒற்றுமை இன்னும் தெளிவு. ‘மொகொ பொசெயோ’ என்றால் ‘சாப்பிட்டுப் பாருங்கள்’. ‘பொதா’ என்னும் வினைக்குப் பொருள் பார்த்தல். முயன்று பார்த்தல் என்ற பொருளில் அது தமிழில் போலவே மற்றொரு வினையின் பின் வருகிறது. ‘கொடு’ என்ற பொருளுள்ள வினை, பிறருக்காக ஒன்றைச் செய்துகொடுப்பதைக் குறிக்கிறது. ‘போய்விட்டான்’ என்பதில் உள்ள ‘விடு’ போன்ற ஒரு துணைவினையும் உண்டு. ‘நேற்று பார்த்த படம்’ என்ற பெயரெச்சத் தொடரும் அப்படியே அமைகிறது. ஆங்கில நூல்கள் இடைநிலைப் பாடமாக வைத்திருக்கும் இவற்றைத் தமிழர் முதல் சில மாதங்களிலேயே எடுத்துக்கொள்ளலாம். இதற்குத் தனி நூல் தேவையில்லை. ஒவ்வோர் எடுத்துக்காட்டுக்கும் பக்கத்தில் தமிழ் வாக்கியத்தைத் தாமே எழுதிவரும் ஒரு குறிப்பேடு போதும்.

மரியாதை வழக்கும் இவ்வாறே. ‘வே?’ என்றால் ஏன்? ‘வேயோ?’ என்றால் ஏங்க? கொரிய ‘யோ’ செய்யும் வேலையைப் பேச்சுத் தமிழில் ‘ங்க’ செய்கிறது. பாட்டி வந்தார்கள் என்று சொல்லும் இடத்தில் கொரியத்திலும் வினைக்குள் தனி மரியாதை இடைநிலை வரும். ஆனால் ‘கா’, ‘கயோ’, ‘கம்னிடா’ எனப் போகிறேன் என்பதற்கே கேட்பவரைப் பொறுத்துப் பல வடிவங்கள் உள்ளன. யாரிடம் எதைச் சொல்வது என்பதை ஒவ்வொரு பாடத்திலும் குறிப்பிடாத நூல் நல்ல நூல் அல்ல.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. நல்ல வளத்தை அடையாளம் காண அவையே சிறந்த சோதனை. கொரியத்தில் எழுவாயைக் காட்ட ஓர் உருபும், பேசுபொருளைக் காட்ட வேறோர் உருபும் உள்ளன. ‘யார் வந்தது?’ என்ற கேள்விக்கு ‘மின்சூ வந்தான்’ என விடை சொல்கையில் முதல் உருபு வரவேண்டும். ‘மின்சூவோ வரவில்லை’ என்று பிறரிலிருந்து பிரித்துச் சொல்கையில் இரண்டாம் உருபு. ஒரு நூலை வாங்குமுன் இப்பகுதியைத் திறந்து பார்க்கலாம். இரண்டும் எழுவாய் உருபே, பழகப் பழகப் புரியும் என்று நகர்ந்துவிடும் நூலைவிட, இணை வாக்கியங்களைத் தந்து பல பாடங்களில் மீண்டும் மீண்டும் இதற்குத் திரும்பும் நூலே பயன் தரும். எண்களுக்கும் இதே சோதனை பொருந்தும். கொரியத்தில் தூய கொரிய எண்கள், சீன வழி எண்கள் என இரண்டு வரிசை. மூன்று மணி இருபது நிமிடம் என்பதில் மணிக்கு ஒரு வரிசை, நிமிடத்துக்கு மற்றொன்று: ‘சே சி இஷிப் புன்’. தொழிற்சாலைப் பணிமாற்று நேரத்தைத் தவறாகக் கேட்டுக்கொள்வதில் வரும் சிக்கலைச் சொல்லத் தேவையில்லை.

தமிழ்–கொரிய உறவு பற்றிய காணொளிகள்

அம்மாவுக்கு ‘ஒம்மா’, அப்பாவுக்கு ‘அப்பா’ என்று தொடங்கி, இரு மொழிக்கும் நூற்றுக்கணக்கான சொற்கள் பொது என்று கூறும் காணொளிகள் தமிழில் ஏராளம். கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905லேயே ஒரு நூல் எழுதினார். ஆயினும் இன உறவுக் கருதுகோளை இன்றைய மொழியியலாளர் பொதுவாக ஏற்பதில்லை. வாக்கிய அமைப்பில் ஒத்த மொழிகள் உறவின்றியும் உலகில் பல உள்ளன. அம்மா, அப்பா போன்ற ஒலிகள் தொடர்பில்லாத மொழிகளிலும் வருகின்றன. ஆர்வத்தைத் தூண்ட இக்காணொளிகள் உதவலாம், கற்றல் வளமாக அல்ல. கொரியச் சொற்களில் பாதிக்கும் மேற்பட்டவை சீன வழி வந்தவை. அவற்றின் வேர்களைக் கற்பதே சொல் பெருக்கும் வழி. ‘ஹக்’ என்றால் கற்றல் என்று தெரிந்துகொண்டால் ஹக்க்யோ (பள்ளி), ஹக்செங் (மாணவர்), தெஹக் (பல்கலைக்கழகம்), க்வஹக் (அறிவியல்), முன்ஹக் (இலக்கியம்) எல்லாம் ஒரே கொத்தாக நினைவில் நிற்கும்.

பாடநூல்களும் இணையப் பாடங்களும்

சேஜோங் கல்விக்கூடங்கள் கொரிய அரசின் ஆதரவில் பல நாடுகளில் இயங்குபவை. அவற்றின் இணையத் தளத்தில் பாடங்கள் இலவசம்; அவர்களின் ‘சேஜோங் கொரியம்’ பாடநூல் வரிசை வகுப்புக்கும் ஏற்றது. 2009இல் தொடங்கிய டாக் டு மீ இன் கொரியன் தளம் உரையாடல் பாங்கில் விளக்குவதால் தனித்துப் படிப்போருக்கு இதமானது. தொடக்கப் பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கோர்செரா தளத்தில் யோன்சே பல்கலைக்கழகத்தின் அறிமுகப் பாடம் உள்ளது.

அச்சு நூல்களில், கொரியன் கிராமர் இன் யூஸ் மூன்று தொகுதிகளாக வந்துள்ளது. ஒத்த பொருளுள்ள இலக்கண வடிவங்களை அருகருகே வைத்து வேறுபடுத்துவது இதன் பலம். ஆனால் இது இலக்கணத் துணைநூல். இதை மட்டும் படித்தவர் ஒரு கடையில் விலை கேட்கத் தயங்கலாம். ஹவாய் பல்கலைக்கழக அச்சகத்தின் இன்டகிரேட்டட் கொரியன் வரிசை விரிவானது, ஆசிரியர் துணையுடன் படிக்கவேண்டியது. சியோல் தேசியப் பல்கலைக்கழகம், யோன்சே, சொகாங் ஆகியவற்றின் நூல்கள் கொரியாவில் வகுப்பில் அமர்ந்து படிப்போருக்காக எழுதப்பட்டவை. இவற்றுள் சொகாங் வரிசை பேச்சுக்கு முதலிடம் தருகிறது.

எதை எடுத்தாலும் ஒன்றை முதன்மை நூலாகக் கொண்டு இறுதிவரை செல்வதே முக்கியம். ஐந்து நூல்களின் முதல் மூன்று பாடங்களை மட்டும் முடித்தவர்கள் கொரியம் கற்போரிடையே மிகுதி. டுயோலிங்கோ போன்ற செயலிகள் எழுத்தையும் தினசரிப் பழக்கத்தையும் தரும். உருபுகளை விளக்குவதில் அவை மெலிந்தவை. நூலின் வயதையும் பார்க்கவேண்டும். கொரியர் பிறந்த நாளிலேயே ஒரு வயது எனக் கணக்கிடும் மரபு பழைய நூல்களில் பாடமாக இருக்கும். 2023 ஜூனில் சட்டப்படியான வயதுக் கணக்கு உலக வழக்குக்கு ஒருமைப்படுத்தப்பட்டது. பேச்சில் பழைய வழக்கு இன்னும் உண்டு.

டோபிக் எழுதுவோர் முதலில் தேடவேண்டியது வழிகாட்டி நூல்களை அல்ல. தேர்வின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள முந்தைய தேர்வுத்தாள்களை. ஒலிப்பதிவும் விடைகளும் அங்கேயே உள்ளன. இரண்டாம் தாளின் எழுத்துப் பகுதியில் கடைசி வினா 600 முதல் 700 எழுத்துக்கட்டங்கள் அளவில் ஒரு கட்டுரை. அதைத் திருத்த ஓர் ஆள் வேண்டும். பணம் செலவழிக்கத் தகுந்த இடம் அதுவே.

அகராதிகள்

கொரியத்துக்கு முழுமையான தமிழ் அகராதி இல்லாதது பெருங்குறை. கொரியத் தேசிய மொழி நிறுவனத்தின் கற்போர் அகராதி சுமார் 50,000 சொற்களை எளிய கொரியத்திலும் ஆங்கிலம், இந்தோனேசியம், வியட்நாமியம், அரபு உள்ளிட்ட மொழிகளிலும் விளக்குகிறது. அம்மொழிகளில் தமிழ் இல்லை. இதை ஆங்கிலம் வழியாகப் பயன்படுத்தினாலும், எடுத்துக்காட்டுத் தொடர்களைத் தமிழில் பெயர்த்துக்கொள்வது நல்லது. நேவர் அகராதி பல அகராதிகளை ஒரே இடத்தில் தருகிறது, ஒலிப்பும் கேட்கலாம். அகராதியில் வினைகள் ‘தா’ என்னும் ஈற்றுடன் நிற்கும். ஆகவே ‘கயோ’ என்று தேடாமல் ‘கதா’ என்று தேடவேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொண்டால் பல மணிநேரம் மிஞ்சும்.

இயந்திர மொழிபெயர்ப்பில் எச்சரிக்கை தேவை. கொரிய வினை தன்மை, முன்னிலை, படர்க்கையைக் காட்டாது. ‘கஸ்ஸொயோ’ என்பது போனேன், போனாய், போனார் எதுவாகவும் இருக்கலாம். தமிழில் கட்டாயம் ஒன்றைத் தேர்ந்தாகவேண்டும், கருவி அங்கே ஊகிக்கிறது.

தொடர்களும் உரையாடலும்

தொலைக்காட்சித் தொடர்கள் காதைப் பழக்கும். ஆனால் அவற்றில் நண்பர்களும் காதலர்களும் பேசுவது மரியாதை ஈறு இல்லாத ‘பன்மல்’. அதை அப்படியே மேலாளரிடம் சொன்னால், அலுவலகத்தில் மூத்தவரை ‘வாடா’ என்று அழைத்ததுபோல் ஆகும். வரலாற்றுத் தொடர்களின் அரண்மனைப் பேச்சு இன்று யாரும் பேசாதது. சமகால அலுவலகத்தையோ குடும்பத்தையோ களமாகக் கொண்ட தொடரில் ஐந்து நிமிடக் காட்சியை எடுத்துக்கொண்டு, முதலில் எழுத்துவரி இல்லாமல், பிறகு கொரிய எழுத்துவரியுடன், கடைசியாக மொழிபெயர்ப்புடன் பார்ப்பது முழுத் தொடரை ஆங்கில வரியுடன் பார்ப்பதைவிடப் பயனளிக்கும்.

பேசிப் பழக ஆள் கிடைப்பது கடினம் என்பது பொதுவான முறையீடு. தமிழ் கற்க விரும்பும் கொரியர் குறைவாதலால் மொழிப் பரிமாற்றத்தில் பெரும்பாலும் ஆங்கிலமே கொடுக்கல் வாங்கலாகிறது. அரைமணி கொரியம், அரைமணி ஆங்கிலம் எனக் கடிகாரம் வைத்துப் பிரித்துக்கொள்ளாவிட்டால் பேச்சு முழுதும் எளிதான மொழிக்குச் சரிந்துவிடும். அதுவும் அமையாதவர்கள், பாடநூல் ஒலிப்பதிவைக் கேட்டவுடன் அதன்மேலேயே பேசி, தம் குரலைக் கைபேசியில் பதிந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். முன்சொன்ன மூன்று ‘தல்’களும் அப்போதுதான் தனித்தனியாகக் காதில் விழத் தொடங்குகின்றன.